வேலைக்குப் போகும் பஸ்ஸில் விமானம் ஏறப் போனவள்

விமான நிலையத்துக்கு எப்படிப் போவது நல்லது என்று சுங்கை பினாங் அடுக்குமாடியில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும், ஏழாவது மாடியில் இருக்கும் புஷ்பவள்ளியைத்தான் தேடி வருவார்கள். எத்தனை மணி விமானம், என்ன கிழமை, எத்தனை பெட்டி என்று மூன்றே கேள்விதான் கேட்பாள்.

"சனிக்கிழமையா? அப்ப கிராப் டாக்சி எடுங்க, கடலோர ரோட்டுல இருபது நிமிஷம். திங்கக்கிழமை காலையிலன்னா அந்தப் பக்கமே தலை வச்சிப் படுக்காதீங்க. பாலத்துலேருந்து இறங்குற ஃபேக்டரி பஸ்ஸெல்லாம் அங்கதான் வந்து முட்டும்."

அவள் சொன்னபடி போனவர்களில் ஒருவர்கூட விமானத்தைத் தவறவிட்டதில்லை. அவள்தான் இதுவரை ஒரு விமானத்திலும் ஏறியதில்லை.

தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தம்பி ராமதாஸின் படிப்பு நிற்கக்கூடாது என்று மூன்றாம் படிவத்தோடு தன் படிப்பை நிறுத்திக்கொண்டு பால் மரம் சீவப் போனாள். கல்யாணமாகி இந்த அடுக்குமாடிக்கு வந்து, கணவன் அழகு இறந்த பிறகு விமான நிலையத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். பதினேழு வருடம். மழையோ காய்ச்சலோ, அவளுடைய பஞ்ச் கார்டில் தாமதத்தைக் காட்டும் சிவப்பு எழுத்து விழுந்ததே இல்லை. புறப்பாட்டுக் கூடத்தின் தரை அவள் பொறுப்பு. காலை ஏழு மணிக்கு அந்தத் தரையில் முகம் பார்க்கலாம்.

அவள் மகள் ஷர்மினி கோத்தா கினபாலுவில் பொறியியல் படித்து முடித்துவிட்டாள். சனிக்கிழமை காலை பட்டமளிப்பு விழா. அம்மா வந்தே தீரவேண்டும் என்று வெள்ளிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு நேரடி விமானத்தில் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தாள். அதைவிட்டால் கோலாலம்பூர் போய் மாறித்தான் போகவேண்டும். அதில் ஞாயிற்றுக்கிழமைவரை இடமில்லை. எட்டு இருபதுக்குள் பெட்டியைப் போட்டாக வேண்டும் என்பதை ஷர்மினி நான்கு தடவை சொன்னாள்.

"ஏய், எனக்கே சொல்றியா? லேட்டா வந்து கவுண்டர்ல அழுதவங்களை எத்தனை பேரைப் பாத்திருக்கேன்."

ஆறு மணி பஸ்ஸில் போய்விடுவதாகத்தான் அவள் முடிவு செய்திருந்தாள். ராமதாஸுக்கு அதைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"என்னாக்கா நீ? ஏரோப்ளேன் ஏறப் போற ஆளு பஸ்ஸுல போறதா? தம்பிகாரன் காடி வச்சிருந்தும் ஒரு நாளைக்கு ஓட்டலையான்னு நாலு பேரு கேக்க மாட்டாங்க?"

"வெள்ளிக்கிழமைடா. ஃபேக்டரி நேரம்."

"பதிமூணு வருஷமா காடி ஓட்டுறேன். எனக்கு ரோடு தெரியாதா?"

"ரோடு தெரியும். ஒனக்கு நேரம்தான் தெரியாது."

அவன் சிரித்தான். ஆனால் கண் சிரிக்கவில்லை. இன்றைக்கு அவன் வங்கி வேலையில் உட்கார்ந்திருப்பது யாரால் என்று இருவருக்கும் தெரியும். புஷ்பவள்ளி விட்டுக்கொடுத்தாள். "சரி. ஆறரைக்கு கீழ நிக்கணும். ஆறு முப்பத்தொண்ணுன்னா நான் இல்ல."

வெள்ளிக்கிழமை ஆறு இருபதுக்கே அவள் கீழே நின்றாள். அரக்குப் பட்டுப்புடவை, தலையில் மல்லிகை, பக்கத்தில் புது உருளைப் பெட்டி. ஆறரை ஆயிற்று, ஆறு முப்பத்தைந்தும் ஆயிற்று. தொலைபேசியில் அழைத்தாள்.

"வந்துகிட்டே இருக்கேன்கா. ஜெலுத்தோங் கிட்ட வந்துட்டேன்."

அவன் பேச்சுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"காடியில குக்கர் வச்சிருக்கியாடா?"

"இல்லக்கா... வீட்டுக்காரி ஒனக்குத்தான் புளிச்சோறு கட்டிகிட்டு இருக்கா. மாலை வேற வாங்கணும், சித்தியையும் ஏத்திக்கணும்லா. எல்லாரும் ஒன்ன வழியனுப்ப வர்றாங்க. பத்தே நிமிஷம்!"

ராமதாஸின் பத்து நிமிடம் எத்தனை நிமிடம் என்று அவளுக்குத் தெரியும். ஆயர் ஈத்தாமிலிருந்து அவன் இங்கே வர ஏழே கால், கும்பிட்டுப் படமெடுத்துக் கிளம்ப ஏழரை. அந்த நேரத்தில் கடலோரச் சாலையில் வண்டிகள் அடுக்கி வைத்ததுபோல நிற்கும். கிராப் எடுத்தாலும் கைப்பேசி காட்டுகிற வழியென்று அதே சாலையில்தான் கொண்டுபோய் விடுவார்கள். கெலுகோர் வழியாகப் போகும் பழைய சாலை மெதுவாக நகரும், ஆனால் நகரும். அடுத்த பஸ் ஆறு ஐம்பத்தைந்துக்கு.

தம்பி மனம் நோகும். நோகட்டும், பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஷர்மினி மேடை ஏறுவது நாளைக்கு மட்டும்தான். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பஸ்ஸில் போவதாகத் தம்பிக்கு ஒரு செய்தி தட்டிவிட்டு, பெட்டியை இழுத்தபடி ஜெலுத்தோங் சாலைக்கு நடந்தாள்.

பஸ் ஓட்டுநர் ஃபிக்ரி அவளைத் தினமும் ஏற்றிப் போகிறவன்தான். நீலச் சீருடையில் பார்த்துப் பழகியவனுக்கு ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை.

"காக்! கல்யாணத்துக்கா?" என்று, அக்கா முறை வைத்து மலாயில் கேட்டான்.

"ஏர்போர்ட்டுக்கு."

"வேலைக்கா இந்தப் புடவை?"

"வேலைக்கு இல்ல ஃபிக்ரி. இன்னிக்கு நான் பயணி. மகள் பட்டம் வாங்குறாள், எஞ்சினியர்!" பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்கும்படி சொன்னாள். வேண்டுமென்றேதான் சொன்னாள். முன் இருக்கையில் இருந்த தொழிற்சாலைப் பெண் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள்.

கெலுகோர்வரை பஸ் நன்றாகவே போனது. பல்கலைக்கழக வாசலைத் தாண்டியதும் நிற்பதும் நகர்வதுமாக இருந்தது. சுங்கை நிபோங் விளக்கில் ஏழு நாற்பது. வேலை நாளில் இப்படி மாட்டிக்கொண்டால் மேற்பார்வையாளரின் முறைப்போடு போய்விடும். இன்றைக்கு மாட்டினால் ஷர்மினி பெயரைக் கூப்பிடும்போது கைதட்ட வீட்டு ஆள் ஒருவர்கூட அங்கே இருக்கமாட்டார். பெட்டியின் கைப்பிடியை அவள் இறுகப் பிடித்திருந்தாள். ஃபிக்ரி கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான்.

"காக், மூணாவது பச்சையில தாண்டிடலாம்."

"ரெண்டாவதுல தாண்டு."

இரண்டாவதில் தாண்டினான். எட்டு மூன்றுக்கு விமான நிலைய நிறுத்தத்தில் இறங்கினாள்.

இறங்கிய கால்கள் தாமாகப் பக்கவாட்டில் இருந்த ஊழியர் கதவுக்குப் போயின. அதைத் தள்ளக் கை நீட்டிய பிறகுதான் நினைவு வந்தது. யாரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, முன்வாசல் கண்ணாடிக் கதவுக்கு நடந்தாள். அது தானாகத் திறந்தது.

உள்ளே, அவளுடைய தரையை அன்று கூட வேலை செய்யும் ஐனா துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏய்! இப்பத்தான் துடைச்சேன்! இந்தப் பயணிகளே இப்படித்தான், ஈரத்திலதான் நடப்பாங்க!" என்று மலாயில் கத்திவிட்டு, மாப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

கவுண்டரில் ஷாஹிரா. ஆறு வருடமாகக் காலை வணக்கம் சொல்கிற பெண், எப்போதும் 'காக்' என்றுதான் கூப்பிடுவாள். இன்று அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, நிமிர்ந்து உட்கார்ந்து, "புவான் புஷ்பவள்ளி, ஜன்னல் பக்கம் இடம் தரட்டுமா?" என்று கேட்டாள். 'புவான்' என்று மரியாதையோடு அவள் முழுப்பெயரைச் சொல்லி அந்தக் கட்டடத்தில் யாரும் அழைத்ததில்லை. "கொடும்மா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். ஷாஹிராவுக்குப் புரிந்தது. எட்டுப் பன்னிரண்டுக்குப் பெட்டி உள்ளே போனது.

பாதுகாப்புச் சோதனை முடிந்து, விமானத்துக்கான வரிசையில் நிற்கும்போது ராமதாஸ் அழைத்தான். குரல் கம்மியிருந்தது.

"அக்கா, நாங்க வாசல்ல நிக்கிறோம். பாலத்துக்கிட்ட ஒரு மணி நேரம் ஜேம்லா. சித்தி, புள்ளைங்க எல்லாரும் வந்திருக்கோம். ஒரே ஒரு போட்டோ. கொஞ்சம் வெளிய வாயேன்?"

"உள்ள வந்தவ வெளிய வர முடியாதுடா. பிளேன் ஏறுறேன்."

"மாலை வாங்கியாந்தேன்கா. நீ அன்னிக்கு பள்ளிக்கூடத்த விடலன்னா..."

புஷ்பவள்ளி வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்தாள்.

"டேய், அழாத. புள்ளைங்க பாக்கும். புளிச்சோத்த எல்லாரும் அங்கயே உக்காந்து பசியாறுங்க. மாலைய வீட்டுக்குக் கொண்டுபோயி ஐஸ்பெட்டியில வை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எஞ்சினியரோட வந்து எறங்குறேன். அவ கழுத்துல நீதான் போடணும். நீயே காடிய எடுத்துக்கிட்டு வா."

"கண்டிப்பா வர்றேன்கா."

"ஆறு மணிக்குடா ராமு. நீ மூணு மணிக்கே கெளம்பிடு."