செருப்பை மாற்றி வைத்த குறளி

கஞ்சி போட்ட புதுச் சாரனின் வாடை எங்கிருந்தாவது வந்தால், இன்றைக்கும் என் வயிற்றைச் சுற்றி ஒரு தலையணை இறுகுவது போலிருக்கும். வாடை என் மச்சான் ரசீதினுடையது, தலையணை என்னுடையது. ஐம்பதுகளின் நடுவில், கல்முனையில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் நாடக ஒத்திகையில், வீட்டுத் தறியில் நெய்த பச்சைச் சாரனைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு அவன் குறளியாக வருவான். நான் வயிற்றில் தலையணையும் முகத்தில் பஞ்சு மீசையுமாக, அவனிடம் ஏமாறுகிற போடியாராக நிற்பேன்.

நாடகத்தை எழுதியவர் காரைதீவிலிருந்து சைக்கிளில் வந்து எங்களுக்குப் படிப்பித்த சேர். தான் மாணவனாக இருந்த காலத்தில் பார்த்த பழைய வெளிநாட்டு நகைச்சுவையொன்றை எங்கள் ஊருக்குத் தோதாக மாற்றியிருந்தார். வயல்காரப் போடியாருக்கு இரண்டு பெண்மக்கள். இரண்டு மாப்பிள்ளைமார் ஒரே நாளில் வருகிறார்கள், ஒருவன் பணக்காரன், மற்றவன் ஏழை. வாசலில் அவர்கள் கழற்றிய செருப்புகளைக் குறளி இடம் மாற்றி வைத்துவிடுகிறான். செருப்பைப் பார்த்தே ஆளை மதிக்கிற போடியார், பிய்ந்த செருப்புக்காரனென்று எண்ணிப் பணக்காரனை மாட்டுப் பட்டிக்கு அனுப்பிவிட்டு ஏழைக்கு விசிறிக்கொண்டு நிற்கிறார். கடைசியில் குறளி செருப்புகளைப் பழையபடி மாற்றி வைத்துவிட்டுச் சபையைப் பார்த்துப் "பொருத்தம்" கேட்பான். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் வீடு வீடாகப் போய், "அறிஞ்சும் அறியாமலும் செஞ்ச எல்லாத்துக்கும் பொருத்தம் தாங்க" என்று மன்னிப்புக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். அந்தச் சொல்லைச் சேர் எங்களிடமிருந்தே எடுத்து நாடகத்தின் முடிவில் வைத்திருந்தார்.

குறளி என்கிற குறும்புக்காரக் குட்டிப் பேய்க்கு எங்கள் வீடுகளில் யாரும் பயப்படுவதில்லை. பாக்குவெட்டி காணாமற்போனாலும், கோழி இட்ட முட்டையைத் தேடிப் பிடிக்க முடியாவிட்டாலும் உம்மா, "இது குறளிட வேல" என்று சிரித்துவிட்டு வேறு வேலை பார்ப்பா.

அந்த வேடத்தை நான்தான் கட்டுவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். என் வாப்பாவும் போடியார்தான். பள்ளிக்கூடத்துக்கு மேசை வாங்கிக் கொடுத்தவர். ரசீதின் வாப்பா, அதாவது என் மாமா, மருதமுனையில் தறி நெய்கிறவர். சேர் எங்கள் இருவரையும் மேடையில் நிறுத்தி, செருப்பை மாற்றி வைக்கச் சொன்னார். நான் குதித்தேன், நாக்கை நீட்டினேன், கண்ணை உருட்டினேன், கரணம்கூடப் போட்டேன். ரசீது ஒன்றுமே செய்யவில்லை. மெல்ல வந்தான், செருப்பைக் கையில் எடுத்தான், அதைப் பாடுபட்டுத் தைத்தவனை நினைத்துப் பார்ப்பவன் போலத் தடவினான், எங்களை ஒருமுறை பார்த்தான், மாற்றி வைத்தான். வகுப்பு முழுவதும் உருண்டு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்ததுதான் பொறுக்க முடியாமற்போயிற்று.

"தம்பி, குறளி கெட்டவனில்ல," என்றார் சேர் என்னைப் பார்த்து. "அவன் ஒரு பொய்யும் சொல்ல மாட்டான். செருப்ப மாத்தி வெப்பான், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் போடியார்ர பேராசை செய்யிற வேல. நீ குதிக்கிற குதியில அவன் எதிரியாப் போறான்."

பிறகு தலையணையைத் தூக்கி என்னிடம் எறிந்தார். "போடியார்ர நட உனக்கு வீட்டிலயே இரிக்கி. அதச் செய்."

அன்றிலிருந்து ஒத்திகை ஒவ்வொன்றும் எனக்கு வேக்காடாக இருந்தது. ரசீது நெருங்கி வரும்போதெல்லாம் அந்தக் கஞ்சி வாடை மூக்கில் ஏறும். அவன் என்னை ஏமாற்றுவான், எல்லோரும் சிரிப்பார்கள், ஒத்திகை முடிந்ததும் அவனே வந்து தலையணையின் முடிச்சை அவிழ்த்துவிட்டு, "நோகுதா மச்சான்?" என்று கேட்பான். அவன் கர்வம் பிடித்தவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மாமா வீட்டுக்குச் சோறு தின்னப் போனேன். ரசீது கிணற்றடியில் நின்றான். மாமா தாடியைக் கோதிக்கொண்டு, "நாடகத்தில உண்ட மச்சான் என்னவா வாறான் மனே? கேட்டா சிரிக்கான், சொல்றானில்ல" என்றார்.

குறளி என்று சொல்லியிருந்தால் மாமாவும் சிரித்திருப்பார். நான் சோற்றைப் பிசைந்தபடி, "இபுலீஸா வாறான் மாமா" என்றேன்.

மாமாவின் கை தாடியிலேயே நின்றது. "ஆரு? என்ட மகனா? இபுலீஸாவா?"

"ஓம் மாமா."

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். ஒன்று முட்டையை ஒளித்து வைப்பது. மற்றது, குர்ஆன் ஓதத் தொடங்குமுன் யாரிடமிருந்து நாங்கள் அல்லாஹ்விடம் காவல் தேடுகிறோமோ அந்தச் சைத்தானின் பெயர். இறைவனின் கட்டளைக்குப் பணிய மறுத்து, மண்ணால் படைக்கப்பட்டவனைவிட நான் மேல் என்று பொறாமையில் நின்றவன் அவன். இதை ஓதப் பள்ளியில் நன்றாகப் படித்துத்தான் இருந்தேன்.

மறுநாள் ரசீது பள்ளிக்கூடம் வரவில்லை. சேர் சைக்கிளில் மருதமுனைக்குப் போய் மாமாவின் வாசலில் நின்று கதைத்துப் பார்த்தார். "இபுலீஸில்ல, குறளி" என்று அவர் எவ்வளவு சொன்னாலும், விஷயம் வெளியே வந்ததும் பெயரை மாற்றிச் சொல்கிறார் என்றுதான் மாமா நினைத்தார். "இதப் படிக்கத்தானா புள்ளய அனுப்பின நான்? தறி இரிக்கி, நெய்யட்டும்" என்று முடித்துவிட்டார். நாடகத்தோடு அவன் படிப்பும் நின்றது. விஷயம் அவன் படிப்பை நிறுத்துமளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை.

குறளி வேடம் எனக்கு வந்தது. அதை எனக்குப் பழக்கித் தந்தது ரசீது. மாமா வீட்டில் இல்லாத நேரங்களில், தறிக் குழிக்குள் காலை விட்டு மிதித்துக்கொண்டே, "குதிக்காத மச்சான். செருப்புக்கு நோகாம எடு. இன்னொருக்காச் செய்" என்பான். யார் வாப்பாவிடம் சொன்னது என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை. "ஆரோ ஒரு விசரன் பேர மாத்திச் சொல்லிப்போட்டான்" என்று மட்டும் ஒருமுறை சொன்னான்.

மேடையில் நான் குதிக்கத்தான் குதித்தேன். முன்வரிசையில் இருந்த குழந்தையொன்று வீரிட்டு அழுதது. கடைசிக் காட்சியில் கைகளைக் கட்டிக்கொண்டு சபையின் முன்னே வந்து பொருத்தம் கேட்டேன். கைதட்டலுக்குப் பதிலாக ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவர் எழுந்து, "டேய் குறளி! செருப்ப மாத்தல்லடா! மாத்திப்போட்டுக் கேளு!" என்று கத்தினார். மறைப்புக்கு அந்தப் பக்கம் பெண்களும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். செருப்புகள் மாறியபடியே கிடந்தன. நாடகம் முழுவதிலும் சபை வாய்விட்டுச் சிரித்தது அந்த ஓரிடத்தில்தான். பிறகு பல காலம், கடன் வாங்கிய பொருளைத் திருப்பித் தராமலே பொருத்தம் கேட்கிறவனிடம் எங்கள் ஊரார், "செருப்ப மாத்திப்போட்டுக் கேளு" என்று பகிடி பண்ணுவார்கள்.

நான் படித்து உத்தியோகம் பார்த்தேன். ரசீது தறியிலேயே இருந்தான். தலை நரைத்தபின் ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் அவன் வீட்டுக்கும் போனேன். சொல்லிவிடுவதென்றுதான் போனேன். உட்கார்ந்ததும் வாயில் வந்ததோ எல்லா வீட்டிலும் சொன்ன அதே வசனம்: "அறிஞ்சும் அறியாமலும் செஞ்ச எல்லாத்துக்கும் பொருத்தம் தா மச்சான்." செய்த ஒன்றை "எல்லாத்துக்கும்" என்ற சொல்லுக்குள் ஒளித்து வைத்தேன்.

ரசீது என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பழைய குறளியின் பார்வையோடு கேட்டான்: "இந்த முறையாவது செருப்ப மாத்திப்போட்டுத்தானே கேக்கிறாய்?"

"ஓம்" என்றேன். இருவரும் சிரித்தோம். அவன் பொருத்தம் தந்தான்.

ரசீது மௌத்தாகிவிட்டான். அவனுடைய தறிக் குழியை மண் போட்டு மூடி, மேலே சீமெந்துத் தரை போட்டிருக்கிறார்கள். நாடகம் போட்ட மண்டபம் இல்லை. பள்ளிவாசல் படியில் இப்போது செருப்புக்குத் தட்டு இருக்கிறது, ஒருவருடையது ஒருவருக்கு மாறுவதில்லை. தொலைபேசியை வைத்த இடம் தெரியாமல் நான் தேடும்போது "குறளிட வேல" என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் யாரது என்று கேட்கிறார்கள்.

மாமாவிடம் பெயரை மாற்றிச் சொன்ன விசரன் நான்தான். இதை வாசிக்கும்போது ரசீதின் பிள்ளைகளுக்கு அது தெரியவரும். அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போவேன். பொருத்தம் அவர்கள் அதை அறிந்த பிறகுதான் கேட்கலாம்.