அத்தைக்காகத் தெரு சொன்ன சாட்சி

1. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, வேலையிலிருந்து ஓய்வு பெற்று கனடாவிலிருந்து மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தார். குடியுரிமையும் பாஸ்போர்ட்டும் அந்த நாட்டுடையவை. இங்கே இருப்பதற்கு விசா.
2. வந்து பல மாதங்கள் ஆனதும் ஆதார் எடுத்தார். இங்கேயே வசிக்கும் வெளிநாட்டவருக்கும் அது உண்டு. இதுவரை எல்லாம் சரி.
3. அந்த ஆதாரை வைத்து அப்பா அவர் பெயரை எங்கள் குடும்ப அட்டையில் சேர்த்தார். யாரையும் கேட்கவில்லை.
4. குடும்ப அட்டையைக் காட்டி, மூத்த குடிமக்களுக்கான இலவச பஸ் டோக்கனை அத்தை வாங்கினார்.
5. விசாவை நீட்டித்துக்கொண்டே இருக்க முடியாது என்று, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஆயுட்கால அட்டைக்கு விண்ணப்பித்தோம்.
6. அந்த விண்ணப்பத்தைப் பற்றி விசாரிக்க ஒருவர் வந்தார். வீட்டுக்கு வரவில்லை. தெருவுக்கு வந்தார்.

நான் தரமணியில் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஏதாவது பழுதானால் முதலில் எது எதற்குப் பிறகு நடந்தது என்று எழுதுவோம். யார் செய்தது என்பது அப்புறம். மேலே உள்ள வரிசையை நான் பலமுறை திருத்தி எழுதியிருக்கிறேன். எந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் ஆறாவது வரி வந்திருக்காது என்று பார்ப்பதற்காக. மூன்றாவது வரியில் என்றுதான் ஒவ்வொரு முறையும் வருகிறது. ஆனால் அப்பாவிடம் கேட்டால் அந்த வரியில் தவறு எதுவும் இல்லை என்பார். வீட்டில் சாப்பிடுகிறவர் பெயர் அட்டையில் இருக்க வேண்டும். அவருக்கு அவ்வளவுதான் சட்டம்.

அத்தைக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கவுன்டருக்குப் போனாலும், பையைத் திறப்பதற்கு முன், "சீனியருக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்பார். அவர் இருந்த ஊரில் அது சாதாரணம். மருந்துக்கடை, சினிமா, முடி வெட்டும் கடை எல்லாவற்றிலும் முதியவர்களுக்குக் கழிவு உண்டு. நரைத்த தலையைப் பார்த்துத் தாங்களாகவே குறைப்பவர்களும் உண்டாம். தி.நகரில் ஒரு புடவைக்கடையில் இதையே கேட்டபோது விற்பனையாளர், "ஆடித் தள்ளுபடி பொறக்கிற குழந்தைக்கே உண்டும்மா, உங்களுக்கு இல்லாமலா?" என்றார். அத்தை அன்று வீடு வரும்வரை சிரித்தார்.

அவருக்காக ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தேன். அடையாறு ரத்தப் பரிசோதனை நிலையம்: வயது மட்டும் போதும். சபா கச்சேரி: யாரும் எதுவும் கேட்பதில்லை. விமான டிக்கெட்: சில நிறுவனங்களில் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும், பொடி எழுத்தில். வங்கி வைப்புநிதி: வயதோடு, இங்கே வசிப்பவரா என்ற கேள்வியும் உண்டு. கனடாவில் அவர் வைத்திருந்த முதியோர் பயணச்சீட்டு: அந்த ஊரில் வசிப்பவருக்கு மட்டும், ஆகவே முடிந்தது. எழுதி முடித்தபோது ஒன்று தெரிந்தது. அங்கே அவருக்கு வயதும் குடியுரிமையும் இருந்தன, வசிப்பிடம் இல்லை. இங்கே வயதும் வசிப்பிடமும் இருந்தன, குடியுரிமை இல்லை. வயது மட்டும் போதாத ஒவ்வொரு சலுகைக்கும் ஏதாவது ஒரு கால் குறைந்தது.

பஸ் டோக்கன் என்ற வரிக்கு எதிரில் "விசாரிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தேன். நான் விசாரிப்பதற்குள் அத்தை மந்தைவெளி டிப்போவுக்குப் போய் வாங்கி வந்துவிட்டார். உண்மையில் அவருக்கு அது தேவையே இல்லை. சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு எப்படியும் டிக்கெட் கிடையாது. ஆனால் டிப்போ வரிசையில் அவருக்கு இரண்டு சிநேகிதிகள் கிடைத்திருந்தார்கள். டோக்கனைக் கிழித்து நீட்டினால் கண்டக்டர் "எங்கம்மா இறங்கணும்?" என்று மட்டும் கேட்டார். "எந்த ஊரிலேர்ந்து வரீங்க?" என்று கேட்கவில்லை. இத்தனை வருஷம் எல்லா இடத்திலும் கேட்டார்களாம், அங்கேயும், லீவில் வந்தபோது இங்கேயும்.

ஐப்பசி மழை இரண்டு நாள் விட்டிருந்த ஒரு காலை. அலுவலகம் கிளம்பும்போது கீழே இஸ்திரி வண்டிக்காரர் கூப்பிட்டார். எங்கள் கட்டடத்தின் நிழலில் பல வருஷமாக நிற்கிறவர். தெருவில் யார் வீட்டுக்கு யார் வந்தாலும் அவரைக் கடந்துதான் போக வேண்டும்.

"பாப்பா, ஒருத்தரு வந்து உங்க அத்தயப் பத்தி கேட்டுக்கினு இருந்தாரு. கையில ஃபைலு. டீக்கடையில நின்னு ரொம்ப நேரம் நம்ம வீட்டையே பாத்துக்கினு இருந்தாரு."

என்ன கேட்டார் என்றேன்.

"அந்தம்மா ஃபாரினா, எப்ப வந்தாங்க, எப்ப போவாங்கன்னு. நாங்க வுட்ருவமா? ஃபாரினும் இல்ல ஒண்ணும் இல்ல, எங்க தெருக்காரங்கன்னேன். ரேஷன் கார்டு கீது, பொங்கப் பரிசு வாங்கினாங்க, பஸ்ஸு டோக்கனு கீது, போன எலக்சன்ல ஓட்டே போட்டாங்கன்னு போட்டேன் ஒரு போடு."

"அவங்க ஓட்டுப் போடலையே அண்ணே. அப்பாகூடச் சும்மா பள்ளிக்கூடம் வரைக்கும் வந்தாங்க."

"எனக்குத் தெரியாதா? ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். அப்பதான நம்புவான்?"

பெட்டியிலிருந்து கரித்தூள் ஒன்று என் துப்பட்டாவில் விழுந்தது. அவர் ஊதித் தட்டிவிட்டார். நான் நன்றி சொல்லிவிட்டு ரயிலுக்கு நடந்தேன்.

அன்றிலிருந்து தெருவே பயமுறுத்தத் தொடங்கியது. டீக்கடைக்காரர் நல்லவிதமாகச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். பக்கத்துக் கட்டடக் காவலாளி அத்தையை "பொறந்ததே இங்கதான், எங்கயும் போனதில்ல" என்று சொல்லியிருந்தார். மாடவீதியில் பூ விற்கும் அம்மாவிடமும் அந்த ஃபைல்காரர் போயிருக்கிறார். "உன் அத்தைக்கு இன்னா கவல, நான் கீறேன்" என்று அந்த அம்மா எனக்கு ஒரு முழம் கூடுதலாக அளந்தார். ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு காரியம் முடித்த திருப்தி. யாருக்கும் அத்தைமேல் பகை கிடையாது. பகை இருந்திருந்தால், அவர் வெளிநாட்டுக்காரி என்று உண்மையைச் சொல்லியிருப்பார்கள். அது எங்களைக் காப்பாற்றியிருக்கும்.

தி.நகரில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். வெளிநாட்டுக் குடிமகள் குடும்ப அட்டையில் இருப்பது ஒரு தவறு, திருத்தலாம் என்றார். ஓட்டுப் போட்டார் என்று யாராவது எழுதிக்கொண்டால் அது வேறு மாதிரி. ஆயுட்கால அட்டை தர மறுக்கலாம், விசாவை நீட்டிக்காமலும் விடலாம். பெயரை எடுங்கள், டோக்கனைத் திருப்பிக் கொடுங்கள், கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், அதற்குமேல் ஒன்றும் சொல்லாதீர்கள் என்றார். எழுந்தபோது, தெருவிலும் யாரும் இனி எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சேர்த்துக்கொண்டார்.

அப்பா ஒரு வாரம் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் அட்டையிலிருந்து இதற்கு முன் எடுக்கப்பட்ட பெயர்கள் இரண்டு: தாத்தா, பாட்டி. "உயிரோட இருக்கிறவ பேரை அடிக்கிறதாவது" என்றார். அத்தை அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவரே வந்து, "அடிச்சிடு தம்பி. அட்டையில இருந்துக்கிட்டு ஊர்ல இல்லாம போறதுக்கு இது பரவாயில்ல" என்றார்.

உணவு வழங்கல் அலுவலகத்தில் பெயர் நீக்கம் என்று சொன்னதுமே அங்கிருந்தவர் குரலைத் தாழ்த்தி, "தவறினது யாரு சார்?" என்று கேட்டார். யாரும் தவறவில்லை, அத்தை வெளிநாட்டுக் குடிமகள் என்று நான் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"அப்போ முதல்ல எப்படி ஏறிச்சு?"

தெரியாமல் சேர்த்துவிட்டோம் என்றேன். உண்மைதான். ஆனாலும் அந்த அறையில் அது உண்மை மாதிரி ஒலிக்கவில்லை. வெளியே வரும்போது மழை பிடித்துக்கொண்டது. அப்பா குடையை விரிக்க மறந்து நடந்தார்.

டோக்கன்களை டிப்போவில் கொடுத்துவிட்டு வந்தபிறகு அத்தை பஸ் ஏறுவதை நிறுத்தினார். பெண்களுக்கு இலவசமான பஸ்ஸில் யாரும் எதையும் காட்டச் சொல்லமாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார். ஏறவில்லை. கடைகளில் சீனியருக்கு ஏதாவது உண்டா என்று கேட்பதும் நின்றது. அடையாறு பரிசோதனை நிலையத்தில் அந்தப் பெண் தானாகவே கழித்துக்கொடுக்க வந்தபோது, "வேண்டாம்மா, முழுசாவே போட்டுக்கோ" என்றார். அந்தக் கழிவுக்கு வயது மட்டும் போதும். என் அட்டவணையில் சந்தேகமே இல்லாத வரி அதுதான்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு பிற்பகல் அந்த விசாரணைக்காரரே எங்கள் வீட்டுக்கு மேலே ஏறி வந்தார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்தவர், மரியாதையான குரல். செருப்பை வெளியே விட்டார், தண்ணீர் கேட்டுக் குடித்தார். பாஸ்போர்ட், விசா, வீட்டு முகவரி எல்லாம் பார்த்தார். குடும்ப அட்டையைப் பற்றி அவர் கேட்பதற்கு முன்பே அப்பா சொல்லிவிட்டார்: நான்தான் சேர்த்தேன், இப்போது எடுத்தாகிவிட்டது, இதோ அத்தாட்சி. அவர் அதை வாங்கிப் படித்து, ஃபைலில் வைத்துக்கொண்டார். அப்புறம் பேனாவை மூடினார். மூடியபிறகுதான் கேட்டார்.

"ஓட்டுப் போட்டீங்களாம்மா?"

"இல்லீங்க. தம்பிகூட நடந்து போனேன். வாசல்லயே நின்னுட்டேன்."

"தெருவுல போட்டீங்கன்னு சொல்றாங்க."

"எனக்கு ஓட்டே கிடையாதுங்க."

அவர் புன்னகைத்தார். கடுமையில்லாத புன்னகை, இன்றும் அதற்கு என்ன பொருள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"உங்களப் பத்தி எல்லாருமே ரொம்ப நல்லாச் சொன்னாங்கம்மா. நான் எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கேன். இந்த மாதிரி யாருக்கும் சொன்னதில்ல."

படியிறங்கிப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இஸ்திரி வண்டிக்காரர் அவரை நிறுத்தி ஏதோ பேசினார். அவர் நின்று கேட்டுக்கொண்டார். மறுபடி பேனாவைத் திறந்தார்.

நான் கீழே போவதற்குள் அவர் தெருமுனையைத் தாண்டிவிட்டார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"இன்னா சொல்லுவேன்? தெருவே கையெழுத்துப் போட்டுத் தர ரெடி, எங்க வந்து சாட்சி சொல்லணும் சொல்லுங்க சார்னேன். என் பேரு, நம்பரு எல்லாம் எழுதிக்கினாரு."

அப்போதுதான் அவரிடம் முழுவதையும் சொன்னேன். அத்தையின் பாஸ்போர்ட் எது, குடும்ப அட்டையில் இருந்தது ஏன் தவறு, ஓட்டு என்ற சொல் என்ன செய்யும் என்று. சூடான பெட்டியைக் கல்லின்மேல் நிறுத்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

"நம்ம ஆளுன்னு சொல்றது தப்பா பாப்பா?"

தப்பில்லை அண்ணே என்றேன். கூப்பிட்டால் மட்டும் போங்கள், போனால் ஓட்டுப் போடவில்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். "அப்ப நான் முதல்ல பொய் சொன்னேன்னு ஆவுமே" என்றார். ஆகும் என்றேன். அதன்பிறகு அவர் அத்தையைப் பார்த்தால் சட்டையை மடிப்பதில் மும்முரமாகிவிடுகிறார். அத்தையும் துணியை என்னிடம் கொடுத்தனுப்புகிறார்.

இன்றைய நிலவரம் இது. அத்தையின் பெயர் எந்தக் குடும்ப அட்டையிலும் இல்லை. விண்ணப்பம் "பரிசீலனையில்" என்று திரையில் காட்டுகிறது. வழக்கறிஞர் காத்திருக்கச் சொல்கிறார். இஸ்திரி வண்டிக்காரரை ஒரு அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அடுத்த வாரம். விசா தை மாதக் கடைசிவரை செல்லும்.