அம்மா போடாத ஓட்டு

எனக்கு எழுத்து கோணல்மாணலாக வரும். ஐந்தாவதோடு நின்றவள். பாதி மறந்தும் போகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன தேர்தலில் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஓட்டுப் போடப் போகவில்லை என்று மருமகள் சொன்னதைக் கேட்டதிலிருந்து இது மனதில் கிடக்கிறது.

செம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா ஒரு கட்சி, அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, எதிர்க்கட்சி. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது வந்த ஒரு தேர்தலில் இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. ஓட்டுக்கு முதல் நாள் அப்பா சாப்பிடும்போது சொன்னார், "ஒரு கள்ள ஓட்டு விழட்டும். மச்சான்னு பாக்க மாட்டேன், போலீசுல புடிச்சுக் குடுத்துருவேன்." அம்மா குழம்பு ஊற்றினாள்.

அந்தக் காலத்தில் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். ஓட்டுச்சாவடியிலோ அதைத்தான் கேட்பார்கள். அதனால் பேர் சொல்ல என்னைக் கூட்டிப்போனார்கள். எனக்கு எட்டு வயது. எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் சாவடி. மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்பார் வெளியூரிலிருந்து வந்த அதிகாரி.

"பிள்ளையக் கேளுங்க சாமி" என்பாள் பெரியம்மா. பின்னால் நிற்பவள், "ஏன்டி, வீட்டுக்குள்ள மட்டும் ஏலே, வாலேங்குற" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நான் கணீரென்று பேரைச் சொல்வேன். பெருமை தாங்கவில்லை.

அப்பா மாட்டுவண்டியில் தோட்டத்து ஆட்களை ஏற்றிவரப் போயிருந்தார். சாவடிக்குள் அவர் கட்சிக்காக உட்கார்ந்திருந்தவர் டீ குடிக்க எழுந்து போன நேரம். மாமா முக்காடு போட்ட ஒரு பெண்ணை அழைத்துவந்தார். நான் பார்த்திராத முகம்.

"தாயி, இந்த அத்தைக்கும் கொஞ்சம் பேரு சொல்லு. உங்கப்பா பேரச் சொன்னாப் போதும்" என்றார்.

எல்லாருக்கும் சொன்னேன், இவளுக்கும் சொன்னேன். அவள் உள்ளே போய்வந்தாள். மாமா எனக்குக் கடலைமிட்டாய் கொடுத்தார்.

வெயில் ஏறியபிறகு, அடுப்பு வேலையெல்லாம் முடித்து, தலைக்குக் குளித்து, கல்யாணச் சேலையில் அம்மா வந்தாள். நான் முந்திக்கொண்டு அப்பா பேரைச் சொன்னேன். அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்த ஓட்டு விழுந்துருச்சேம்மா."

அம்மா மையில்லாத விரலை நீட்டியபடியே நின்றாள். "மாமா கூட்டிவந்த அத்தைக்கு நாந்தான் சொன்னேன்" என்று அழுதேன்.

அதிகாரி எழுந்துவிட்டார். "யாரு அந்த மாமா? சொல்லும்மா, வாசல்ல போலீஸ் நிக்கிறாரு."

மாமா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு என் தலையில் கை வைத்துச் சொன்னாள், "சின்னப்பிள்ளை, உளறுது. நாந்தான் காலையில வந்து போட்டேன். மறந்துபோச்சு."

"மை எங்கம்மா?"

"பாத்திரம் வெளக்குனேன், போயிருச்சு."

சாவடியே சிரித்தது. ஓட்டுப் போட்டதையே மறந்தவள் என்று பெண்கள்கூடச் சிரித்தார்கள். பொய் சொன்னால் சூடு வைப்பேன் என்று என்னை மிரட்டுகிற அம்மா, அத்தனை பேர் நடுவில் பொய் சொன்னாள். நான் அவள் பின்னால் நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சலவைத் துணிக்குப் புள்ளி வைக்கிற சேராங்கொட்டையை எடுத்தாள். ஊசியால் குத்தி, கசிந்த பாலை விரலில் மைக்கோடு மாதிரி இழுத்தாள். அது தோலில் பட்டால் வெந்துபோகும் என்று எங்களைத் தொடவே விடமாட்டாள்.

பொழுது சாய அப்பா வந்தார். வந்ததும் அம்மாவின் விரலைத்தான் பார்த்தார். "நம்ம வீட்டு ஓட்டு விழுந்துருச்சுல்ல?"

"விழுந்துச்சு" என்றாள் அம்மா.

மற்றவர்கள் விரலில் மை அழிந்தபிறகும் அம்மாவின் விரல் கொப்பளித்துப் புண்ணாகவே இருந்தது. ஒருநாள் அப்பா இல்லாதபோது மாமா வந்தார். அம்மா இலை போட்டுச் சோறு வைத்தாள். குழம்பு ஊற்றிய கையையே மாமா பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய்கூட எடுக்காமல் எழுந்து போய்விட்டார். அவருக்குப் பசியில்லை என்று நினைத்து, இலையில் இருந்த முட்டையை நான் எடுத்துத் தின்றேன்.

அம்மா அதற்குப் பிறகு எந்தத் தேர்தலிலாவது ஓட்டுப் போட்டாளா என்று எனக்கு நினைவில்லை. எங்கள் ஊரில் மூத்தவர்கள் யாராவது இருந்தால், விசாரித்துச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.