மூன்று கட்டம் கீழே

என்னிடம் இருக்கும் பேஸ் கிட்டாருக்குத் தலை கிடையாது. மற்ற கிட்டார்களில் கழுத்து நுனியில் இருக்கும் முறுக்காணிகள் இதில் அடிப்பக்கம், நான்கு சின்னக் குமிழ்களாக இருக்கும். கம்பியின் இரண்டு முனையிலும் குண்டு உண்டு. ஒன்றைக் கழுத்து நுனியில் மாட்டி, மற்றதை அடியில் கோத்துக் குமிழைத் திருக வேண்டும். சென்னையில் பழைய வாத்தியம் விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஒரே ஊரில் இருக்கிற ஆளாக நான் இருந்ததில்லை. கச்சேரிக்குப் போன ஊரிலெல்லாம் யாராவது ஒருவர் கேட்பார்: “இன்னாபா, திருப்பதில உன் கிட்டாருக்கும் மொட்ட போட்டுக்கினு வந்துட்டியா?” ஒவ்வொரு ஊரிலும் அது புது ஜோக்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். லாரியில் கிளீனர், திருப்பதியில் டிபன் கடையில் தட்டு கழுவுவது, பங்காருபாளையத்தில் மாங்காய் லோடு ஏற்றுவது என்று கிடைத்ததைச் செய்தேன். பேஸ் வாசிக்க யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. மேடைக்குக் கீழே நின்று, வாசிப்பவரின் விரல் எங்கே போகிறது என்று பார்த்து நோட்டில் எண்ணாக எழுதிக்கொண்டேன். கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள் அதைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும். மூன்றாவது கம்பியில் ஐந்தாவது கட்டம், பிறகு ஏழாவது, பிறகு நான்காவது கம்பியில் மூன்றாவது. எல்லாப் பாட்டும் அப்படித்தான் என் கையில் இருந்தன. சுரத்தின் பெயர் தெரியாது. பாடுபவருக்கு உயரம் எட்டவில்லை, ஒரு கட்டம் இறக்கி வாசி என்றால் மற்றவர்கள் விரலை நகர்த்தி வாசிப்பார்கள். எனக்கு நகர்த்தத் தெரியாது. நான் கம்பிகளைத் தளர்த்தி கிட்டாரையே இறக்கிவிட்டு, பழைய இடத்திலேயே விரலை வைப்பேன்.

இது எனக்குக் குறையாக இருந்ததால் வெளியே சொன்னதில்லை. கேட்டவர்களிடம், தளர்ந்த கம்பியில்தான் நாதம் உருண்டு வரும் என்று சொல்லிவைத்தேன்.

சித்தூரில் ஒரு ட்ரூப்பில் நான்கு வருடம் வாசித்தேன். நான் அவ்வளவு நாள் தங்கிய ஒரே இடம் அது. கீபோர்டு வாசிப்பவர்தான் ஓனர். எங்கள் பாடகியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தமிழ்ப் பாட்டும் தெலுங்குப் பாட்டும் ஒரே மாதிரி சுத்தமாகப் பாடுவார். வேனில் போகும்போது என் கிட்டாருக்குச் சுருதி கொடுப்பவரும் அவர்தான். தலையில் மாட்டுகிற ட்யூனர் கருவியை மாட்ட என் கிட்டாரில் இடமில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ‘ம்ம்’ என்று ஒரு குரல் கொடுப்பார். நான் குமிழைத் திருகுவேன். சரியாக வந்ததும் அவர் நிறுத்திவிடுவார்.

அக்காவுக்காக முதன்முதலில் இறக்கியது கங்காதர நெல்லூருக்குப் போகிற வழியில். மத்தியான வெயில். ஜல்பு பிடித்துத் தொண்டை கட்டியிருக்கிறது, இன்றைக்கு ஒரு கட்டம் இறக்கிக்கொள்ளலாமா என்று அக்கா ஓனரிடம் கேட்டார். ஓனருக்கு அது கீபோர்டில் ஒரு பட்டன். எனக்கு ஒரு மணிநேர வேலை. ஒரு கம்பியைத் தளர்த்தினால் கழுத்தின் இழுப்பு குறைந்து மற்ற மூன்றும் கொஞ்சம் மேலே ஏறிக்கொள்ளும். அவற்றை இறக்கினால் முதலாவது மாறிவிடும். அதோடு, வேண்டிய இடத்துக்குக் கீழே போய்விட்டுத்தான் மேலே வந்து நிற்க வேண்டும். நேராக இறக்கி நிறுத்தினால் இரண்டாவது பாட்டுக்குள் கம்பி நழுவிவிடும். அக்கா பொறுமையாக ‘ம்ம்’ கொடுத்துக்கொண்டே வந்தார்.

ஜல்பு ஒரு மாதமாகியும் போகவில்லை. பேசும்போதே குரலில் மண் விழுந்தது போல இருந்தது. திருப்பதியில் தொண்டை டாக்டரிடம் காட்டப் போனபோது, அந்த ஊர் எனக்குப் பழக்கம் என்பதால் துணைக்கு வரச் சொன்னார். டாக்டர் மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு, திரையில் காட்டினார். குரல் நாண்கள் இரண்டிலும் அரிசி நொய் போல ஏதோ ஒட்டியிருந்தது. “ரெண்டு நெலலு மாட்லாடகூடதம்மா,” என்றார். இரண்டு மாதம் பேச்சே கூடாது. பாட்டை மறந்துவிட வேண்டும். இப்போதே ஓய்வு கொடுத்தால் தானாகக் கரைய வாய்ப்பு இருக்கிறது, பாடிக்கொண்டே இருந்தால் கத்தி வைக்க வேண்டிவரும், அதற்குப் பிறகு குரல் எப்படி இருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன்.

கச்சேரி சீசன் தொடங்கப் பத்து நாள் இருந்தது. எங்கள் ட்ரூப்பில் ஒரு வழக்கம். சீசனின் முதல் கச்சேரியில் பிள்ளையார் பாட்டை யார் பாடுகிறாரோ அவர்தான் அந்த வருடம் முழுக்க முதல் பாடகி. பேனரில் அவர் முகம்தான் பெரிதாக வரும். அக்கா வருவதற்கு முன்பு இருந்த பாடகி பிரசவத்துக்குப் போய், முதல் கச்சேரிக்கு வர முடியாமல் போனார். அந்த மைக்தான் அக்காவுக்கு வந்தது. அந்தப் பாடகி திரும்பி வந்து இரண்டு மாதம் கோரஸில் நின்றுவிட்டு, பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்.

சித்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். காணிப்பாக்கம் பிரியும் ரோடு வரை பேசவில்லை. டாக்டர் சொன்னபடி வாயை மூடியிருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு கேட்டார்.

“இன்னும் ஒரு கட்டம் எறக்கினா உன் கம்பி தாங்குமா?”

“தாங்கும்க்கா.”

அவ்வளவுதான் பேசினோம். அவர் கேட்டது கம்பியைப் பற்றி, நான் பதில் சொன்னதும் கம்பியைப் பற்றி. முடியாது என்று அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் முடியாது என்றால் ஏன் என்ற கேள்வி வரும். அது, என் விரலுக்கு வேறு இடம் தெரியாது என்பதில் போய் நிற்கும். அதுவும் என் மனதில் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டு கட்டம் கீழே அக்கா பிள்ளையார் பாட்டைப் பாடினார். யாருக்கும் தெரியவில்லை. ஓனரிடம் ஜல்பு என்ற ஒரே பேச்சுதான். டாக்டர் சொன்னது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். பேனரில் அவர் முகம் வந்தது. கச்சேரி இல்லாத நாட்களில் வாயே திறக்காமல், சைகையில் குடும்பம் நடத்தினார்.

அடுத்த மாதமே மூன்று கட்டமாயிற்று. என் தடித்த கம்பி தொளதொளவென்று ஆகி, அடிக்கும்போதெல்லாம் பட்டையில் உரசிக் கறகறத்தது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை ஆறுமுனைச் சாவியால் தளர்த்தினேன். கம்பிகளை அடியில் கொஞ்சம் உயர்த்தினேன். இன்னும் தடித்த கம்பி போட்டிருந்தால் சரியாகியிருக்கும். இரண்டு பக்கமும் குண்டு வைத்த தடித்த கம்பி திருப்பதியில் எந்தக் கடையிலும் இல்லை. ஒருநாள் ஓனர் சொன்னார், “இன்னாடா இது, மாட்டு வண்டி போற மாதிரி கேக்குது.” அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் குரல் கெட்ட சத்தத்தை என் கம்பி கெட்ட சத்தம் மூடிக்கொண்டிருந்தது.

பாலசமுத்திரம் பக்கம் ஒரு ஊரில், பொழுது சாயும் நேரத்தில் தொடங்கினோம். பிள்ளையார் பாட்டில் இரண்டாவது அடியில் அக்காவின் வாய் அசைந்தது, மைக்கில் காற்று மட்டும் வந்தது. கோரஸ் பாடும் பெண் புரிந்துகொண்டு அந்த அடியைத் தான் எடுத்தாள். பாட்டு முடிந்ததும் அக்கா என் பக்கம் திரும்பி, இடுப்போரமாக, கூட்டத்துக்குத் தெரியாமல் நான்கு விரலைக் காட்டினார்.

நான் குமிழ்களைத் திருகினேன். ‘ம்ம்’ கொடுக்க அவரால் முடியவில்லை. கண்ணால் கேட்டேன், தலையை ஆட்டினார். குத்துமதிப்பாக இறக்கினேன். தடித்த கம்பியை அடித்தால் சத்தமே இல்லை, துணி உலர்த்தும் கயிறு போல ஆடியது. அக்கா அதைப் பார்த்தார். மைக்கை ஸ்டாண்டில் திருப்பி மாட்டிவிட்டு, மேடையின் பின்பக்கப் படியில் இறங்கிப் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார். மீதிக் கச்சேரியைக் கோரஸ் பெண் பாடினாள். அவளுக்காக ஓனர் பட்டனைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனார். நான் வாசிப்பது போலக் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆபரேஷன் திருப்பதியில் அதே டாக்டரிடம்தான் நடந்தது. கரையக்கூடிய நிலையைத் தாண்டிவிட்டது என்றார். அதற்குப் பிறகு அக்காவின் குரல், காகிதத்தைக் காகிதத்தில் தேய்ப்பது போன்ற ஒன்றாக நின்றுவிட்டது. ஓனர் கிட்டாரை ஏற்றிக்கொள்ளச் சொன்னார், புதுப் பாடகிக்கு உயரம் தாராளம் என்றார். கச்சேரியன்று இரவே மூன்று கட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தேன், அதற்கு மேல் ஏற்றவில்லை. வேலையை விட்டேன். திருப்பதியில் ஒரு லாட்ஜில் சாமான் தூக்கினேன், பிறகு கொஞ்ச நாள் வேலூர், பிறகு மறுபடி திருப்பதி.

போன மாங்காய் சீசனில் அக்காவைப் பார்க்கப் போனேன். பங்காருபாளையம் பக்கம் மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் பழம் பிரிக்கிறார். மெஷின் சத்தத்தில் அங்கே எல்லாரும் சைகையில்தான் பேசுகிறார்களாம். சாப்பாட்டு நேரத்தில் வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். கிட்டார் மடியில் இருந்தது. பஸ்ஸில் வரும்போது தயார் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். எனக்கு விரலை மாற்றி வைத்து வாசிக்கத் தெரியாது, அதனால்தான் இறக்கி இறக்கிக் கொடுத்தேன், பெரிய உதவி செய்கிறவன் போல நடந்துகொண்டேன் என்று.

“எனுக்குத் தெரியாதா? உன் வெரலு எப்பவும் ஒரே எடத்துலதான ஓடிக்கினு இருக்கும்.” அக்காவின் குரலுக்கு நான் குனிய வேண்டியிருந்தது. சாப்பாட்டு டப்பாவை மூடினார். “டாக்டர் சொன்னத கேட்டுக்கினு பக்கத்துலதான உக்காந்திருந்த. நீயாவது முடியாதுன்னு சொல்லியிருக்கலாம் நைனா.”

கோபமாகச் சொல்லவில்லை. கிட்டாரைத் தொட்டு, எவ்வளவில் இருக்கிறது என்று கேட்டார். மூன்று கட்டம் கீழேதான் வைத்திருக்கிறேன் என்றேன். ஏற்றச் சொன்னார்.

ஸ்பீக்கர் பெட்டி இல்லாமல் கம்பிச் சத்தம் வெளியே கேட்காது. அக்கா உள்ளங்கையைக் கிட்டாரின் உடல் மேல் அழுத்தி வைத்தார், ஒரு காதை அதன் கழுத்தோரம் சாய்த்தார். நான் குமிழைத் திருகினேன். ஆள்காட்டி விரலை மேலே காட்டினார், இன்னும், இன்னும், பிறகு விரலை மடக்கினார். நான்கு கம்பிக்கும் அப்படியே. முடிந்ததும் செல்போனில் இருக்கும் ட்யூனரில் சரிபார்த்தேன். நான்குக்கும் முள் நடுவில் நின்றது.

வாசிக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன். சங்கு ஊதியது. அக்கா எழுந்து, பழச்சாறு காய்ந்து கறுத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.