முத்துமாரியின் இடது விரல்

தாராவியிலிருந்து வேலைக்கு வரும் முத்துமாரி, மாட்டுங்கா வீட்டுக் கதவுக்கு வெளியே நின்று விரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து ரேகைப் பூட்டில் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. முப்பது வருஷம் பாத்திரம் தேய்த்ததில் வலது கை ரேகை அழிந்துபோனதால், பூட்டு மாட்டியபோதே அவளுடைய இடது விரலைத்தான் பதிவு செய்திருந்தார்கள். இப்போது அதுவும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, ரேஷன் கடை மெஷின் முன்னால் நிற்பதைப் போலக் கூசிப்போய் நின்றாள்.

உள்ளே வீட்டுக்கார மாமி பாகீரதி, பூட்டு திறக்காததைக் கவனித்து, புனேயில் இருக்கும் மகன் நகுலுக்கு போன் போட்டாள். பூட்டில் யாரைச் சேர்ப்பது, யாரை எடுப்பது எல்லாம் அவன் மொபைலில்தான்.

"நான்தாம்மா அவ பேரை எடுத்தேன். மேல் மாடியில திருட்டுப் போச்சுன்னு பில்டிங் குரூப்ல வந்துதே. எதுக்கு ரிஸ்க்? விரல் தேஞ்சுபோச்சு, மெஷின் எடுக்கலைன்னு சொல்லிடு. பெல் அடிச்சுண்டு வரட்டும்."

சந்தேகப்படுகிறவனுக்கு அதை வாய்விட்டுச் சொல்லவாவது தைரியம் வேண்டாமா? பழியைத் தூக்கி அவள் விரல் மேலேயே போடுகிறான்.

"சீ, வைடா போனை" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"என் விரலு தேஞ்சிட்டு போல, மாமி."

"உன் விரலுக்கு ஒண்ணுமில்லைடி. நகுல்தான் உன் பேரை எடுத்துட்டான். திருட்டு பயமாம்."

முத்துமாரி இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சின்னப் புள்ளையில அவனுக்குக் கழுவிவிட்டதும் இந்தக் கைதாம்லா, மாமி."