படாங்கும் படமும்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதிதில், காஜா பெராங்கில் எங்கள் கால்பந்து மன்றம் இழுத்துக்கொண்டு கிடந்தது. தோற்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், திடல் வாடகை பாக்கி. மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் திடல் போய்விடும். திடல் போனால் நாங்கள் சம்பளம் கொடுத்து வைத்திருந்த நாலைந்து ஆட்டக்காரர்களும் வேறு மன்றத்துக்கு ஓடிவிடுவார்கள். பொருளாளர் நான். பொருள்தான் இல்லை.

ஊரைக் கூட்டி நன்கொடை கேட்பதென்று முடிவாயிற்று. திடலை மலாயில் படாங் என்றுதான் நாங்கள் சொல்வோம். "ஞாயித்துக்கெழம சாயங்காலம் படாங்குக்கு வாங்க" என்று வீடு வீடாகச் சொல்லி வர மச்சானைச் சைக்கிளில் அனுப்பினேன். என் மனைவியின் அண்ணன். தங்கமான மனிதர், ஆனால் வெற்றிலை இல்லாத அவர் வாயை யாரும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை திடல் நிரம்பியது. பாய், தலையணை, கடலைப் பொட்டலம், மடியில் குழந்தைகள். நன்கொடை கொடுக்க எவனாவது தலையணையோடு வருவானா? முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் கேட்டே விட்டார்: "தம்பி, படம் எப்போ போடுவீங்க?"

மச்சானைப் பார்த்தேன். "நான் படாங்குன்னுதான் சொன்னேன்," என்றார், கன்னம் உப்ப. அந்த வாயில் அது படம் என்றுதான் கேட்டது.

"துப்பிட்டுப் பேசத் தெரியாதா உங்களுக்கு?" என்று கத்திவிட்டு, பண்டார் ஹிலிருக்குச் சைக்கிளை மிதித்தேன். ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டும் ராவுத்தர் ஒருவர் அங்கே கடை வைத்திருந்தார். நல்ல வேளை, அன்று அவர் வேன் வாசலிலேயே நின்றது. கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மெசின் சும்மாதானே கெடக்கு. வசூல்ல பாதி எனக்கு, சரியா?"

கோல் கம்பங்களுக்கு நடுவே திரையைக் கட்டினோம். துண்டை விரித்துக்கொண்டு நான் பாய் பாயாகப் போனேன். முணுமுணுத்தார்கள்தான். ஆனால் பாய் விரித்து உட்கார்ந்தவர்களுக்கு எழுந்து போக மனம் வரவில்லை, காசு விழுந்தது. ராவுத்தர் பங்கு போக, வாடகைக்குப் போதும் என்று தெரிந்ததும் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். அப்பாடா என்றிருந்தது. அங்கிருந்து படம் இடவலம் மாறித் தெரிந்தது, அதையும் கடைசி வரை பார்த்தேன்.

அடுத்த வாடகைக்கும் ஊரைக் கூட்ட வேண்டி வந்தது. என் ஏச்சுக்குப் பயந்து மச்சான் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து சைக்கிளில் ஏறினார்.

"நில்லுங்க மச்சான்," என்று நானே ஒரு வெற்றிலையை மடித்து அவர் வாயில் திணித்து அனுப்பினேன்.