வகுப்புக்கு ஒரு தப்பு

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் தப்பு மேடம். ஓர் உத்திரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிடக் கற்றுத்தருவது அவர் வேலை. பதினோரு வருடமாக ஒப்பந்த விரிவுரையாளர். மாணவர்கள் அவருக்குப் போடும் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் ஒப்பந்தம் வருடா வருடம் நீளும்.

முதல் வருடம், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு. பாதிப் பேர் தூக்கம். கூட்டல் குறி வர வேண்டிய இடத்தில் கழித்தலைப் போட்டுவிட்டார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து சொன்னதும் அவருக்கு முகம் சிவந்தது.

"தெரிஞ்சுதான் போட்டேன். யாரு முழிச்சிருக்கீங்கன்னு பாத்தேன்."

வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. மறுநாள் உள்ளே நுழையும்போதே கேட்டார்கள்: "இன்னிக்கு எங்க மேடம் தப்பு?"

அன்றிலிருந்து வகுப்புக்கு ஒன்று. சுலபமாக இருந்தால் சலித்துவிடுவார்கள். கடினமாக இருந்தால் அதற்குள் மணி அடித்துவிடும். நாற்பதாவது நிமிடம் பிடிபடுகிற மாதிரி ஒரு தப்பைச் செய்வதற்கு, பாடத்தைத் தயாரிப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. தையற்கடை வைத்திருக்கும் அவர் கணவர் கிண்டல் செய்வார்: "ஊரே தப்பு பண்ணிட்டு மறைக்குது. நீ உக்காந்து யோசிச்சுப் பண்றே."

பக்கத்துத் துறைப் பிள்ளைகளும் வந்து ஜன்னலோரம் நின்றார்கள். மதிப்பெண்ணில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இந்த வருடத் தேர்வில், எட்டால் வகுக்க வேண்டியதை முப்பத்திரண்டு பேர் பன்னிரண்டால் வகுத்திருந்தார்கள். அப்படிக் கட்டினால், உத்திரத்துக்கு வேண்டிய பலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நீங்க அத நடத்துன அன்னிக்கு, அந்த எட்டுதான் தப்புன்னு நெனச்சோம் மேடம்."

"அன்னிக்குத் தப்பு வேற இடத்துலடா."

"நீங்க சொல்லவே இல்லியே."

உண்மைதான். அன்று மணி அடித்துவிட்டது, அவரும் சொல்ல மறந்துவிட்டார். அடுத்த வருடம் இந்தப் பிள்ளைகள் நிஜக் கட்டிடங்களில் வேலைக்கு நிற்பார்கள். இனித் தப்பே போடுவதில்லை என்று முடிவு செய்தார்.

அவரை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்கத் துறைத் தலைவர் வகுப்பில் வந்து உட்கார்ந்ததும் அதே வாரம்தான். ஒரு வரி பிசகாமல் பாடத்தை முடித்து, சாக்பீஸை வைத்தார்.

"இன்னிக்குத் தப்பு இல்ல. இனிமேலும் கிடையாது."

"லெவல ஏத்திட்டாங்கடா!" என்றது பின் பெஞ்ச். எல்லாரும் நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துத் தேட ஆரம்பித்தார்கள்.

"கேளுங்க. முதல் தடவ நான் நெஜமாவே தப்பு பண்ணேன். மானம் போயிடும்னு பொய் சொன்னேன். அதுலதான் இதெல்லாம் ஆரம்பிச்சுது."

முன்வரிசைப் பெண் துள்ளி எழுந்தாள். "பிடிச்சிட்டேன்! இந்தக் கதைதான் மேடம் இன்னிக்குத் தப்பு!"

கைத்தட்டல் கூரையைத் தொட்டது. துறைத் தலைவரும் தட்டினார்.

வராந்தாவில் துறைத் தலைவரிடம் சொன்னார்: "சார், நான் சொன்னது நெஜம்."

"இருந்துட்டுப் போகட்டும் மேடம். ஒருத்தர்கூடத் தூங்கலையே! நிரந்தரத்துக்கு எழுதியாச்சு. அடுத்த வாரம் மத்த லெக்சரர்களுக்கும் நீங்க இத சொல்லிக்கொடுக்கணும்."

"முப்பத்திரண்டு பேர் தப்பா எழுதியிருக்காங்க சார்."

"மறுதேர்வு வெச்சுக்கலாம்."

தப்பு மேடம் வகுப்புக்குத் திரும்பினார். யாரும் கலைந்திருக்கவில்லை. பலகையில் ஐந்து வரிகளைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். ஐந்தும் சரியான வரிகள். முதல் வரி ஏன் சரி என்று விளக்க, பக்கத்தில் எழுதத் தொடங்கினார். கை எங்கே சறுக்கும் என்று அறுபது பேரும் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.